ஸ்டீயரிங்கைக் கழற்றிக்கொண்டு போனவர்

பந்தயம் தொடங்கும் நேரத்தில் எல்லோரும் தடத்தைப் பார்ப்பார்கள். அவர் மட்டும் எங்கள் முகங்களைப் பார்ப்பார்.

சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, பிறகு எல்லாம் சேர்ந்து அணையும். வரிசையில் நிற்கும் கார்கள் ஒரே இரைச்சலாகப் பாயும். முதல் வளைவை எல்லோரும் தாண்டுகிற வரைக்கும் அவர் தடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குட்டைச் சுவரில் சாய்ந்து நிற்பார். எங்கள் முகத்தில் ஏதாவது மாறினால் அதுதான் அவருக்குச் செய்தி. ஒருமுறை எங்கள் மெக்கானிக் சேகர் அண்ணனுக்குத் தும்மல் வந்து முகம் கோணியது. தடத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவரை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். கார் ஓட்டும் பிள்ளைகளின் பெற்றோர் மேடம் என்பார்கள். முடிச்சூரில் ஒரு பழைய டைல்ஸ் கோடவுனில் அவர் ஒரு பந்தய அணி நடத்தினார். ஒற்றை இருக்கைக் கார்கள். கூரை கிடையாது, சக்கரங்கள் நாலும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், ஓட்டுபவரின் தலை மட்டும் மேலே தெரியும். ஓட்டியவர்கள் எல்லோரும் பள்ளியை முடித்தும் முடிக்காத வயதுக்காரர்கள். குரோம்பேட்டையில் பொறியியல் முடித்த கையோடு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். கார் ஓடும்போது சென்சார்கள் சொல்வதையெல்லாம் லேப்டாப்பில் பார்த்து, எந்த வளைவில் எவ்வளவு நேரம் போகிறது என்று சொல்வது என் வேலை.

மோட்டார் பந்தயத்தில் அவரைப்போலப் பயந்த ஒருவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

பெல்ட்டில் இருந்து தொடங்கும். சேகர் அண்ணன் இழுத்துப் பார்த்திருப்பார், நான் இழுத்திருப்பேன், ஓட்டப்போகும் பிள்ளையே இழுத்திருக்கும். கடைசியில் அக்கா வந்து குனிந்து, ஒவ்வொரு பட்டையாகப் பிடித்து இழுப்பார். பிறகு அவிழ்த்து மறுபடி மாட்டச் சொல்வார்.

"இன்னாக்கா நீ, மூணு பேரு பாத்தாச்சு. ஒரே பேஜாரா கீது," என்பார் சேகர் அண்ணன்.

"மூணு பேரும் மத்த ரெண்டு பேர் பார்த்திருப்பாங்கன்னு நினைச்சிருந்தா?" என்பார் அக்கா.

சேகர் அண்ணன் முனகிக்கொண்டே அவிழ்த்து மாட்டுவார்.

பெல்ட் முடிந்ததும் ஓட்டுபவரின் ஹெல்மெட்டுக்குள் கண்ணை விட்டுக் கேட்பார். நல்லாத் தூங்கினியா, காலையில என்ன சாப்பிட்ட, இப்ப மனசுல என்ன ஓடுது. பதிலைவிட, பதில் வருகிற விதத்தைத்தான் அவர் கவனிப்பார் என்று நினைக்கிறேன். சில பிள்ளைகள் எரிச்சல்படுவார்கள். எரிச்சல்பட்டால் நிம்மதியாகி நகர்ந்துவிடுவார்.

ஒரு நாள் பெரிய கட்டுமானக் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் தன் மகனை அழைத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். அப்போது எங்களிடம் ஓட்ட ஆளில்லாமல் ஒரு கார் சும்மா நின்றிருந்தது. பையன் கோ-கார்ட் என்கிற குட்டிப் பந்தயக் காரில் நன்றாக ஓட்டியவன். அக்கா அவனிடம் கேட்ட ஒரே கேள்வி, "உனக்கு எதைப் பார்த்தா பயம்?"

"எனக்கு எதுக்கும் பயமில்ல ஆன்ட்டி."

"அப்ப வேற டீம் பாருப்பா," என்று சொல்லி, அப்பாவுக்கும் மகனுக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். வந்த பணம் போயிற்றே என்று அன்று சேகர் அண்ணன் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

இவ்வளவு பயப்படுகிறவர் எதற்காக இந்த வேலையில் இருக்கிறார் என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. அணியைத் தொடங்கியது அவருடைய தம்பி. தம்பிதான் முதல் காரை வாங்கினார், அவரே ஓட்டினார். பிறகு கனடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது, எல்லாவற்றையும் விற்றுவிடு என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அக்கா அப்போது ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலையில் இருந்தார். காரை விற்கவில்லை. வேலையை விட்டுவிட்டார்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன். டயர்களைத் துணியால் மூடிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்.

"இந்தப் பசங்க எப்படியும் ஓட்டத்தான் போறாங்க தம்பி. நான் நடத்தலன்னா, பயமில்லாத எவனாவது நடத்துவான்."

அந்த இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அவர் பார்த்த வேலை விபத்து இழப்பீடு. தாம்பரம் தொடங்கிச் செங்கல்பட்டு வரைக்கும் சாலையில் செத்தவர்கள், கை கால் போனவர்கள் எல்லோரும் அவர் மேசைக்குக் காகிதமாக வந்து சேர்ந்தார்கள். அதைப்பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஒரே ஒருமுறை, லாரியில் கார்களை ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போகும் வழியில் சொன்னார்.

"எல்லா ஃபைல்லயும் ஒரு வரி இருக்கும். அன்னிக்குக் காலையில வழக்கம்போலக் கிளம்பினார்னு. அந்த 'வழக்கம்போல'தான் எனக்கு ஆகாது."

அவருடைய பயத்தில் பாதிக்கு மேல் வீண். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எண்ணெய் வாடை வருகிறது என்று நடுப் பயிற்சியில் காரை உள்ளே வரவழைப்பார். பக்கத்து அணியின் அடுப்பில் வடை வெந்துகொண்டிருக்கும். தடத்தில் மயில் ஒன்று இறங்கியதைப் பார்த்துவிட்டு ஒரு முழுநாள் சோதனை ஓட்டத்தையே ரத்து செய்தார். ஷெட்டில் அவர் மிகவும் பயந்தது நெருப்புக்கு. பெட்ரோல், எண்ணெய், பெயின்ட் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறதே என்பார். எட்டிய இடமெல்லாம் சிவப்பு சிலிண்டர், மணல் வாளி. எங்களுக்கு மாதம் ஒருமுறை நெருப்பை அணைக்கும் ஒத்திகை வேறு.

வந்தது தண்ணீர். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியபோது எங்கள் ஷெட்டும் மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகு, கதவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து உள்ளே போனோம். இரண்டு கார்களும் சேற்றில் புதைந்து கிடந்தன. ஒரு காரின் இருக்கையில் கெளுத்தி மீன் ஒன்று செத்து நாறிக்கொண்டிருந்தது. தீயணைப்பு சிலிண்டர்கள் மட்டும் துடைத்தால் வேலை செய்கிற நிலையில் இருந்தன. சேகர் அண்ணன் அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, பாதியில் அழுதார்.

அக்கா வாசலிலேயே நின்றார். அழவில்லை. "பாத்தீங்களா, எதை நினைச்சுப் பயப்படாம விட்டேனோ அதுதான் வந்திருக்கு," என்றார். "அப்ப, எல்லாத்துக்கும் முன்னாடியே பயந்து வச்சுடணும்."

அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் பயம் வேறொன்றாக மாறியது. அதுவரை கண்ணுக்குத் தெரிந்ததற்குப் பயந்தார். அதற்குப் பிறகு, தெரியாததைத் தேடித் தேடிப் பயந்தார். தான் நினைத்துப் பார்த்துவிட்டால் அது நடக்காது என்று நம்பினார் போலிருக்கிறது. சேகர் அண்ணன் இரண்டு கார்களையும் பிரித்துச் சரிசெய்து மறுபடி ஓடவைத்த பிறகு, பந்தய நாட்களில் அக்கா பக்கத்தில் நிற்கவே ஒரு மாதிரியாக இருக்கும். வெயிலில் நின்றுகொண்டு உதடு அசைய எதையோ யோசித்துக்கொண்டே இருப்பார். அப்போது எங்களிடம் ஓட்டிக்கொண்டிருந்த கார்த்திக் என்ற பையன், சேலையூர்க்காரன், ஒருநாள் என்னிடம் வந்தான்.

"அண்ணா, ஹெல்மெட்டுக்குள்ள அக்கா கண்ணைப் பார்த்துட்டுப் போனா, நான் பிரேக்கை முன்னாடியே மிதிச்சிடறேன். என்னை அறியாம வருது."

லேப்டாப்பிலும் அது தெரிந்தது. வளைவுக்கு வளைவு அவன் சீக்கிரமாகவே பிரேக் போட்டான். அந்த ஆண்டு முடிவில் வேறு அணிக்குப் போனான். போன இரண்டாவது பந்தயத்திலேயே ஜெயித்தான். அக்காதான் முதல் ஆளாகப் போய் அவனைக் கட்டிக்கொண்டார். திரும்பி வந்து என்னிடம், "என்கிட்ட இருந்து போனதாலதான் ஜெயிச்சான்னு சொல்றாங்க. உண்மையாத்தான் இருக்கும்," என்றார்.

பிறகுதான் யாழினி வந்தாள்.

ராஜகீழ்ப்பாக்கத்துப் பெண். அப்பா ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். சாதாரணக் குடும்பம். மகள் கோ-கார்ட்டில் வாங்கிய கோப்பைகளுக்காகவே ஹாலில் ஒரு அலமாரி செய்து வைத்திருந்தார். அக்கா அவளிடமும் எதைப் பார்த்தால் பயம் என்று கேட்டார். யாழினி கொஞ்சம் யோசித்து, "கடைசியா வர்றதுக்கு," என்றாள். அக்கா சிரித்ததை நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

அந்தப் பெண்ணிடம் அக்காவின் பயம் ஒட்டவில்லை. கண்ணைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டின் கண்ணாடியைப் படக்கென்று இறக்கிக்கொண்டு போய்விடுவாள். மழையில் ஓட்டினால் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. இரண்டாவது ஆண்டில், தடத்தோரம் நாங்கள் போட்டிருந்த தார்ப்பாய்ப் பந்தலுக்குப் பெரிய அணிக்காரர்களும் வந்து எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆண்டின் கடைசிப் பந்தயத்துக்கு வந்தபோது புள்ளிகளில் அவள்தான் முதலிடம். முதல் ஐந்து பேருக்குள் வந்தால் போதும், பட்டம் அவளுக்கு. பட்டம் வாங்குகிறவருக்கு அடுத்த ஆண்டு வெளிநாட்டில் ஒரு பருவம் முழுக்க ஓட்டும் வாய்ப்பு. எங்கள் மாதிரி ஒரு ஷெட்டுக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம்.

பந்தயத்துக்கு முதல் நாள் பயிற்சியில் அவள் ஒரு வளைவில் வெளியே போய், அடுக்கி வைத்த டயர்களில் பக்கவாட்டில் மோதினாள். பெரிய மோதல் இல்லை. தானே எழுந்து வந்தாள். தடத்தின் டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, விரலைத் தொடரச் சொல்லி, நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லி, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். சேகர் அண்ணன் சாயங்காலத்துக்குள் காரைச் சரிசெய்துவிட்டார்.

மறுநாள் காலை எல்லோரும் ஒன்றாகத்தான் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டோம். யாழினி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் அப்பாதான் பதற்றத்தில் சட்டையில் சாம்பார் கொட்டிக்கொண்டார்.

கார்கள் வரிசையில் வந்து நின்றன. யாழினி இரண்டாவது இடத்தில். அக்கா பெல்ட்டை இழுத்தார், குனிந்து கேள்விகளைக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"இட்லி."

அக்கா நிமிரவில்லை. "என்ன?"

"இட்லிக்கா. ஏன்?"

"பொங்கல் சாப்பிட்டியேம்மா."

யாழினி ஒரு கணம் சும்மா இருந்தாள். "ஆமா, பொங்கல். ரெண்டும்தான். அக்கா, ப்ளீஸ், விளக்கு போடப் போறாங்க."

அந்த ஒரு கணம் எவ்வளவு நீளம் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். யோசிக்கும்போது நீள்கிறது. நடந்தபோது அது ஒன்றுமே இல்லை.

இந்தக் கார்களில் ஓட்டுபவர் உள்ளே இறங்குவதற்கு வசதியாக ஸ்டீயரிங் தனியாகக் கழன்று வரும். பின்னால் உள்ள வளையத்தை இழுத்தால் கையோடு வந்துவிடும். அக்கா உள்ளே கையை விட்டு அதை இழுத்தார். ஸ்டீயரிங்கை மார்போடு அணைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற கார்களுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

என்ன நடக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. யாழினி வெறும் கைகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்குக்கு நேரமாகிவிட்டது. அதிகாரிகள் ஓடி வந்தார்கள். சேகர் அண்ணனும் நானும் காரைத் தள்ளிக்கொண்டு ஓரத்துக்குப் போக வேண்டியதாயிற்று. எங்களுக்குப் பின்னால் பந்தயம் தொடங்கியது.

அக்கா எங்கள் லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஸ்டீயரிங் மடியில்.

"என்னக்கா பண்ணிட்டீங்க?" என்றேன்.

"தெரியல தம்பி."

"டாக்டர் ஓகே சொல்லிட்டாரே."

"தலையில அடிபட்டவங்கதான் இப்படி மறப்பாங்க. ஆனா நிச்சயமா எனக்கு ஒண்ணும் தெரியல. நான் தப்பா இருந்தா ஒரு ரேஸ் போகும். அவ்வளவுதானே?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அவ்வளவுதானே தம்பி?" என்று மறுபடியும் கேட்டார்.

யாழினியின் அப்பா வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"அவ தட்டுல இட்லியும் இருந்துச்சு மேடம். நான்தான் என் தட்டுல இருந்து ஒண்ணு எடுத்து வச்சேன். நான் வச்சேன் மேடம்."

அக்கா மடியில் இருந்த ஸ்டீயரிங்கையே பார்த்தார்.

"உங்க பயத்துக்கு என் பொண்ணு என்ன பண்ணுவா?" என்று கேட்டார் அவர். பதிலுக்கு நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலையே யாழினியின் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. ரத்தக் கசிவு இல்லை, வீக்கம் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நான் அதை அக்காவிடம் சொன்னபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லது, நல்லது. ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சதே நல்லது," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் யாழினி வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. யாழினி அதைக் கேட்டுவிட்டு அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டாள்.

பட்டம் வேறு ஒருவனுக்குப் போனது. ஸ்டீயரிங்கைக் கழற்றிக்கொண்டு போன அம்மா என்று அக்காவின் பெயர் தடம் முழுக்கப் பரவியது. யாரோ எடுத்த வீடியோ எல்லோர் போனிலும் ஓடியது. அதற்குப் பிறகு எந்தப் பெற்றோரும் எங்களிடம் பிள்ளைகளை அனுப்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒருநாள் அக்கா எங்கள் இருவரையும் உட்கார வைத்து, வேறு வேலை தேடிக்கொள்ளச் சொன்னார். கார்கள் விலையாகிப் பெங்களூருக்குப் போயின. சேகர் அண்ணன் பெருங்களத்தூரில் சொந்தமாக ஒரு மெக்கானிக் கடை போட்டார். நான் ஒரு கார் கம்பெனியில் சேர்ந்தேன்.

நான் அக்காவை எப்போதாவது போய்ப் பார்ப்பேன். அந்தப் பந்தயத்தைப் பற்றி அவர் தானாகப் பேச மாட்டார். ஒரே ஒருமுறை, தேநீர் ஊற்றிக்கொண்டே, "நான் அன்னிக்கு அவளைக் காப்பாத்தினேனா, கெடுத்தேனான்னு எனக்குத் தெரியாமலே போயிடும்ல?" என்றார். டம்ளர் நிரம்பி வழிந்ததை நான்தான் சொன்னேன்.

சில மாதங்களுக்கு முன் யாழினியைப் பார்த்தேன். மறைமலை நகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் புதிய கார்களை ஓட்டிச் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். வேலை விஷயமாக அங்கே போனபோது அவளே வந்து பேசினாள். கான்டீனில் உட்கார்ந்தோம். பந்தயத்துக்கு அவள் திரும்பவே இல்லை. முதல் ஆண்டு கோபத்தில் போகவில்லை, அதற்குப் பிறகு வயது போய்விட்டது என்றாள்.

"அன்னிக்கு உனக்கு உண்மையிலேயே என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கே தெரியலண்ணா. அந்த ஹோட்டல் ஞாபகம் இருக்கு. அப்பா சட்டையில சாம்பார் கொட்டினது ஞாபகம் இருக்கு. நான் என்ன சாப்பிட்டேன்னு மட்டும் எவ்வளவு யோசிச்சாலும் வரல." டீயைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். "ஆனா, ஏதோ ஒரு நாள் காலையில என்ன சாப்பிட்டோம்னு யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?"

அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். அடுத்த வாரம் கண்ணில் புரை ஆபரேஷன், குரோம்பேட்டையில், நான்தான் என் பைக்கில் கூட்டிக்கொண்டு வரப் போகிறேன் என்று சொன்னேன். அவள் டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"உங்க பைக்லயா? வேணாம். நான் கார் எடுத்துட்டு வர்றேன்."

சொன்னபடியே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அக்காவைக் கைப்பிடித்து இறக்கிக் கொண்டுவந்தேன். ஒரு கண்ணில் கட்டு, அதற்கு மேல் பெரிய கறுப்புக் கண்ணாடி. முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நான் யாழினி, அக்கா," என்றாள் அவள்.

அக்காவின் விரல்கள் என் கையை இறுக்கின. நகம் பதிந்தது.

"என்னைத் திட்டணும்னா திட்டும்மா," என்றார்.

"திட்டணும்னு நிறைய வச்சிருந்தேன். இப்ப வெயிலா இருக்கு. ஏறுங்க."

நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். ஜிஎஸ்டி சாலையில் வழக்கமான கூட்டம். தாம்பரம் சானடோரியத்தைத் தாண்டியதும், ஒரு பேருந்து சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் பாதைக்குள் வளைந்தது. யாழினி பிரேக்கை அழுத்தி, ஒதுங்கி, மறுபடி வேகம் எடுத்தாள். எல்லாம் ஒரே அசைவுபோல இருந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. முன்சீட்டில் அசைவே இல்லை.

முன்னால் சாய்ந்து பார்த்தேன். அக்காவின் தலை கண்ணாடி ஜன்னல் பக்கம் சரிந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் விழித்திருக்கிறாரா என்று தெரியவில்லை. மூக்கருகே விரலைக் கொண்டுபோகலாமா என்றுகூட நினைத்தேன். தோள் மெல்ல ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் பின்னால் சாய்ந்தேன்.

"என்னண்ணா?" என்றாள் யாழினி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தூங்கிட்டாங்க."

அவள் தாம்பரத்தில் மேற்கே திரும்பி முடிச்சூர் சாலையைப் பிடித்தாள். பள்ளங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கி ஒதுக்கிப் போனாள். அக்கா வீட்டுத் தெரு வந்தது. இதுதான் என்று நான் கையைக் காட்டினேன்.

யாழினி தெருவைப் பார்த்தாள், பக்கத்து இருக்கையில் தூங்குகிறவரைப் பார்த்தாள். எழுப்பவில்லை, தெருவுக்குள் திரும்பவும் இல்லை. அதே வேகத்தில், மண்ணிவாக்கம் பக்கம் நேராக ஓட்டிக்கொண்டு போனாள்.